ஒட்டுக் கேட்கும் கருவி

நண்பர் ஒருவர் டபுள் பேஸ் வாசிப்பவர். பியானோ, டிரம்ஸ், பேஸ் என்று மூவர் கொண்ட ஜாஸ் குழு ஒன்றில் வார இறுதிகளில் வாசிக்கிறார். எந்தப் பிக்கப் வாங்கலாம், எந்த ஆம்ப் வாங்கலாம் என்று எங்களிடம் கேட்டார். ஆளைத் தெரியாமல் கேட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தோம். நாங்கள் புத்தகம் வாசிப்பவர்கள். கருவி வாசிப்பவர்கள் அல்லர். ஆனால் எங்களிடம் வருவதற்கு முன் விவரம் அறிந்த பத்துப் பேரிடமும் அவர் கேட்டிருந்தார். பத்துப் பேரும் பத்துப் பொருள்களின் பெயரைச் சொல்லி, ஒவ்வொருவரும் மற்ற ஒன்பதையும் பழித்திருந்தார்கள். உங்கள் குழு எவ்வளவு சத்தமாக வாசிக்கிறது, ஏன் அவ்வளவு சத்தம் என்று அவரைத் திருப்பிக் கேட்டவர் ஒருவரும் இல்லை. எங்கள் வழக்கு அந்தக் கேளாத கேள்வியைப் பற்றியது.

டபுள் பேஸ் ஆளுயரத்தை விஞ்சும் கருவி. நான்கு தந்திகள், அதிரும் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். மேலைச் செவ்வியல் இசையில் பெரும்பாலும் வில்லால் இழைக்கப்படும் இதை ஜாஸ் கலைஞர்கள் விரலால் சுண்டி வாசிக்கிறார்கள். குழுவின் நடை இதன் காலில்தான் நிற்கிறது. ஆனால் குழுவிலேயே மெல்லிய குரலும் இதற்குத்தான். இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சிறிய குரலா என்று முதன்முறை அருகில் நின்று கேட்பவர்கள் வியப்பதுண்டு. அந்த முரண்பாட்டிலிருந்துதான் பிக்கப் வணிகம் முழுவதும் முளைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் நிலவறை மன்றம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) எங்களில் மூவர் ஒரு மாலையைக் கழித்தோம். பேஸ் கலைஞர் எங்கள் மேசையிலிருந்து பத்தடியில் நின்றார். அவருடைய விரல் தந்தியைச் சுண்டுவதைக் கண்ணால் கண்டோம். ஒலியோ எங்கள் முதுகுக்குப் பின்னால், மதுமேடைக்கு மேலே உத்தரத்தில் தொங்கிய பெட்டியிலிருந்து வந்தது. வந்ததும் மரத்தின் ஒலியன்று. ரப்பர் வளையத்தை இழுத்துவிட்டாற்போல ஒவ்வொரு சுரமும் முனகி, நீண்டு, அடுத்ததன்மேல் சாய்ந்தது. இடைவேளையில் கூட்டம் கலைந்திருந்தபோது அவர் மட்டும் மேடைக்குத் திரும்பினார். ஆம்ப் அணைந்திருந்தது. சுருதி சேர்த்தார், பிறகு யாருக்காகவும் அல்லாமல் ஒரு மெட்டை மெதுவாக நடத்திப் பார்த்தார். ஒவ்வொரு சுரமும் விரல்நுனியின் ஒரு சிறு தட்டலோடு பிறந்து, உருண்டு திரண்டு, பின் தேய்ந்தது. பத்தடியில் அத்தனையும் கேட்டது. பக்கத்து மேசைக்காரர்கள்கூடப் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள். இரண்டாம் பகுதி தொடங்கியதும் ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. ரப்பர் வளையம் திரும்ப வந்தது. நாங்கள் கட்டணம் செலுத்தியது கச்சேரிக்கு. அந்தக் கருவியைக் கேட்டதோ இடைவேளையில்.

அந்தக் கலைஞரைக் குறை சொல்ல மாட்டோம். அவர் கையில் இருந்ததை அவரே எங்களுக்குக் காட்டிவிட்டார். குறை அந்தக் கைக்கும் எங்கள் காதுக்கும் இடையில் வைக்கப்பட்ட ஏற்பாட்டில் இருக்கிறது.

பேஸின் ஒலியைப் பெருக்கும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1940களில் எவரெட் ஹல் என்ற அமெரிக்கக் கலைஞர், பேஸைத் தரையில் ஊன்றும் முளையின் வழியாக ஒரு மைக்கைக் கருவியின் வயிற்றுக்குள் செலுத்தினார். ஒலிபெருக்கும் முளை என்பதை ஆங்கிலத்தில் சுருக்கித்தான் ஆம்பெக் என்ற பெயரே பிறந்தது. அதற்குச் சற்று முன்புவரை என்ன செய்தார்கள்? டியூக் எலிங்டன் தம் பெரிய வாத்தியக் குழுவில் 1939இல் ஜிம்மி பிளாண்டனைச் சேர்த்தபோது, அந்த இளைஞரைப் பின்வரிசையில் புதைக்காமல் மேடையின் முன்னே நிறுத்தினார். மற்றவர்களின் இசையை அவருக்கு இடம்விட்டு எழுதினார். 1940இல் பதிவான ‘ஜாக் த பேர்’ இசைத்தட்டில் அந்த வாத்தியப் படைக்கு நடுவே பேஸ் தனிக்குரலாக எழுவதை இன்றும் கேட்கலாம். பிளாண்டன் 1942இல் 23 வயதில் காசநோயால் இறந்தார். மூன்றாண்டுகூட நிரம்பாத அந்தக் காலத்தில் பேஸுக்குத் தனிக்குரல் உண்டு என்று நிறுவிவிட்டுப் போனார். அவரைக் கேட்கவைத்தவற்றில் முதலாவது இயந்திரம் அன்று. நிற்க ஓர் இடமும், மற்றவர்களின் அடக்கமும்.

மறுதரப்புக்கும் சான்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1953 மே 15 அன்று டொராண்டோவின் மாஸி ஹால் அரங்கில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி, பட் பவல், மாக்ஸ் ரோச், சார்லஸ் மிங்கஸ் ஆகிய ஐவரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். அந்த ஒலிநாடாவில் மிங்கஸின் பேஸ் சரியாகக் கேட்கவில்லை. மிங்கஸ் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தம் பகுதியை மீண்டும் வாசித்து அதன்மேல் ஏற்றித்தான் தட்டை வெளியிட்டார். உலகின் தலைசிறந்த பேஸ் கலைஞர்களுள் ஒருவர், தம் காலத்தின் தலைசிறந்த நால்வரோடு நின்றும், காணாமற்போனார். ‘கேட்டால் போதும், எப்படிக் கேட்டாலும் சரி’ என்று ஒரு பேஸ் கலைஞர் சொல்வாரானால், அவர் மனத்தில் இந்த அச்சம்தான் இருக்கிறது. அந்த அச்சத்தை நாங்கள் மதிக்கிறோம். அச்சத்துக்குத் தரப்படும் மருந்தைத்தான் மறுக்கிறோம்.

பிக்கப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தந்திகள் பலகையின்மேல் நிற்கும் மரத்துண்டின் மீது ஏறிச் செல்கின்றன. நம் வீணைக்காரர்கள் அதைக் குதிரை என்பார்கள். பேஸ் பிக்கப்புகளில் பெரும்பாலானவை அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் பீசோ வில்லைகள். அவற்றைக் குதிரையின் சிறகுகளில் உள்ள பிளவில் செருகுகிறார்கள். அல்லது குதிரையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுச் சக்கரத்துக்குள் வைக்கிறார்கள். அல்லது செம்புத் தகடாக்கிக் குதிரையின் காலடியில் வைக்கிறார்கள். எங்கே வைத்தாலும், கேட்பது தந்தி மரத்தை உதைக்கும் உதையை மட்டுமே. அந்த உதை மேல்பலகையை அசைத்து, உள்ளிருக்கும் காற்றைக் கிளப்பி, பின்பலகையிலும் பக்கங்களிலும் பரவி, இரு துளைகள் வழியாக வெளியேறி, அறையில் கலந்து நம்மை வந்தடைகிறதே, அந்தப் பயணத்தில் பெரும்பகுதி அதற்குத் தெரியாது. நம் மொழியில் ஒட்டுக் கேட்டல் என்று ஒரு சொல் உண்டு. சுவரில் காதை ஒட்டிக் கேட்பவனுக்குச் சொற்கள் விழும். சொன்னவர் முகம் தெரியாது. பிக்கப் அப்படி ஒட்டிக் கேட்கிறது.

கேட்டதையாவது முழுதாகச் சொல்கிறதா என்றால், அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பீசோ வில்லை மின்னளவில் ஒரு மின்தேக்கி. அதன் தேக்கத்திறன் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அதை 1 மெகாஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட சாதாரண கிட்டார் ஆம்பில் செருகினால் ஏறத்தாழ 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும். டபுள் பேஸின் நான்கு திறந்த தந்திகளின் அடிப்படைச் சுருதிகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நான்குமே தேயும் பகுதியில் விழுகின்றன! மூக்கால் பேசும் பேஸ் என்று பலர் நொந்துகொள்வதன் காரணங்களில் இது ஒன்று. 10 மெகாஓம் உள்ளீடுடைய முன்பெருக்கி ஒன்றை இடையில் வைத்தால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். விலையுயர்ந்த பிக்கப்பை மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள் இந்தச் சிறு கணக்கை முதலில் போட்டுப் பார்த்திருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். ஆனால் கடைக்காரருக்கு அதில் என்ன இலாபம்?

இன்னொரு கட்டுக்கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறோம். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அது ‘விரிந்து முழுமையாக’ எட்டு மீட்டர் வேண்டும், ஆகவே பெரிய பெட்டி, பெரிய ஆற்றல் என்கிறார்கள். காதில் மாட்டும் ஹெட்ஃபோனில் அதே சுருதி எந்த எட்டு மீட்டரில் விரிகிறது? தவிர, டபுள் பேஸே தன் மிகத் தாழ்ந்த சுரத்தின் அடிப்படை அதிர்வை வலுவாக வெளிவிடுவதில்லை. அதன் உள்காற்றின் முதல் ஒத்ததிர்வு 60 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் இருக்கிறது. அதற்குக் கீழ் உள்ளதை மேல் அதிர்வுகளைக் கொண்டு நம் செவியே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இயல்பில் கருவி விடாத இடியை ஆம்ப் மூலம் எழுப்பி, அதற்கு ‘அடிவலு’ என்று பெயர் வைப்பது கருவியைப் பெருக்குவதாகாது.

ஒலிபெருக்கம் ஒலியை மட்டும் மாற்றவில்லை, கையையும் மாற்றிவிட்டது. முற்காலத்தில் மேலிரு தந்திகள் வெறும் குடல் நரம்பாலும், கீழிரண்டு நரம்பின்மேல் உலோகம் சுற்றியும் இருந்தன. பழந்தமிழில் யாழின் தந்திக்கு நரம்பு என்றே பெயர். அந்த நரம்பை உயரத்தூக்கிக் கட்டி, விரலின் முழுப் பக்கத்தாலும் இழுத்தால்தான் குரல் எழும். 1960களில் உருக்குத் தந்திகள் பரவின. தந்தி பலகைக்கு அருகே தாழ்ந்தது, விரல்கள் விரைந்தன, சுரங்கள் நீண்டு நின்றன. ஆம்ப் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இழுக்கும் வலிமை குறைந்தது. இழுப்பு குறையக் குறைய ஆம்ப் இல்லாமல் இயலாது என்றாயிற்று. ரான் கார்ட்டர் 1963 முதல் 1968 வரை மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்த பதிவுகளையும் 1970களில் வெளிவந்த அவருடைய பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். விரலும் மூளையும் அவருடையவைதாம். மேதைமையில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. ஆனால் முன்னதில் ஒரு மரம் நிற்கிறது, பின்னதில் ஒரு கம்பி நிற்கிறது என்பது எங்கள் துணிபு. அக்காலப் பதிவுகளில் பேஸுக்கு நேர்ந்த இந்த நிலையை எதிர்த்துப் பின்னர் இசைக்கலைஞர்களே கிளம்பினார்கள். டெல்ஃபியோ மார்சாலிஸ் தாம் தயாரித்த இசைத்தட்டுகளில், மரத்தின் ஒலி வேண்டிப் பேஸுக்கு நேரடி மின்னிணைப்பைப் பயன்படுத்தவில்லை என்று அட்டையிலேயே அறிவிப்பு அச்சிட்டார். அதைச் சிலர் பகட்டு என்றார்கள். பகட்டாகவே இருக்கட்டும், வேண்டிய பகட்டு.

‘கூடத்தில் செய்யலாம், மேடையில் செய்ய முடியுமா?’ என்பார்கள். உண்மையான கேள்வி. மேடையில் மைக் வைத்தால் பேஸோடு சேர்த்து டிரம்ஸின் தாளத்தட்டுகளையும் அது அள்ளிக்கொள்ளும். பேஸின் பெரிய மேல்பலகையோ ஆம்பிலிருந்து வரும் ஒலியைத் திரும்ப வாங்கி ஊளையிடத் தொடங்கும். இவையெல்லாம் மெய். ஆனால் இந்தத் தொல்லைகள் எப்போது வருகின்றன? டிரம்ஸ் கலைஞர் அறையை மறந்து அடிக்கும்போது. பியானோவுக்கு இரண்டு மைக் வைத்து அதையும் ஏற்றியிருக்கும்போது. அவர்கள் சத்தத்துக்கு இவர் ஏறுகிறார். இவர் ஏறியதும் அவர்கள் ஏறுகிறார்கள். ஏலக்கடையில் இருவர் மாறி மாறி விலை ஏற்றுவதுபோல ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் விலை கொடுப்பது கேட்பவரின் காது. வாசிப்பவரின் காதும்தான். சார்லி ஹேடன் (1937–2014) காதிரைச்சலாலும் ஒலி கூச்சத்தாலும் நெடுங்காலம் அவதிப்பட்டார். மேடையில் தமக்கும் டிரம்ஸுக்கும் இடையே ஒளிபுகும் தடுப்புப் பலகை வைத்து வாசித்தார். எவ்வளவு சத்தம் என்ற கேள்வியை இரசனைக்காரர்களின் நச்சரிப்பு என்று தள்ளிவிடுகிறவர்கள் அந்தத் தடுப்புப் பலகையை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

நாங்கள் கேட்பது நடக்காத காரியமன்று. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் நிலவறை. பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பேஸ், பால் மோஷியன் டிரம்ஸ். அன்று பகலிலும் இரவிலுமாக ஐந்து அமர்வுகள் பதிவாயின. கண்ணாடிக் குவளைகள் இடறும் ஓசையும் கூட்டத்தின் முணுமுணுப்பும் அந்தப் பதிவில் இருக்கின்றன. பேஸ் அவற்றுக்கெல்லாம் மேலே, பியானோவுக்குச் சமமாகப் பேசுகிறது. லஃபாரோ அப்படிப் பேச முடிந்ததற்கு அவருடைய விரல்கள் பாதிக் காரணம். மோஷியன் பெரும்பாலும் தூரிகைக் குச்சிகளால் டிரம்ஸை வருடினார் என்பதும், எவன்ஸ் தம் இடக்கையை அடக்கிவைத்தார் என்பதும் மறுபாதி. பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25. அந்த ஒரு நாளின் நாடா இல்லையேல் ஜாஸில் பேஸ் எதுவரை செல்லக்கூடும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சிறந்த சான்றுகளில் ஒன்றை இழந்திருப்போம்.

எல்லாரும் ஆம்பை உடைத்தெறியுங்கள் என்று சொல்லும் தூய்மைவாதிகளோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியின் எபர்ஹார்ட் வேபர் 1970களிலேயே ஐந்து தந்தி மின்பேஸ் ஒன்றை நிமிர்த்தி வைத்து வாசித்தார். அது மரபேஸின் நகலாக நிற்க முயலவில்லை. மின்சாரத்தையே தன் குரலாக்கிக்கொண்டது. பெருஞ்சத்தம் வேண்டும் என்பவர்களுக்கோ லியோ ஃபெண்டர் 1951இலேயே விடை கொடுத்துவிட்டார்: கிட்டார்போலத் தோளில் தொங்கும் மின்பேஸ். லயனல் ஹாம்ப்டனின் குழுவில் மாங்க் மாண்ட்கோமரி 1950களின் தொடக்கத்திலேயே அதை வாசித்தார். அது மரியாதைக்குரிய கருவி. அதை வாசிக்க விருப்பமில்லாமல், மரபேஸைத் தூக்கிக்கொண்டு வந்து, அதைக் கொண்டே மின்பேஸின் ஒலியை எழுப்புவதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. இருபது படி இறக்கி, காரில் இருக்கையை மடக்கி ஏற்றி, கதவிடுக்கில் இடிபடாமல் கொண்டுவந்து சேர்ப்பது வெறும் தோற்றத்துக்காகவா?

சரி, நண்பருக்கு என்ன சொன்னோம்? கடைக்குப் போகும் முன் ஆம்ப் இல்லாமல் ஓர் ஒத்திகை வையுங்கள் என்றோம். டிரம்ஸ்காரர் தூரிகைகளோடு வரட்டும். பேஸ் எந்த இடத்தில் மறைகிறது என்று அறையின் நடுவில் ஒருவரை நிறுத்திக் கேளுங்கள். மறையும் அந்த அளவுக்கு மட்டுமே ஒலிபெருக்கம் தேவை. அதற்குக் குதிரைக்கும் வால்கட்டைக்கும் நடுவே, துளைக்கருகே பலகையை நோக்கிப் பொருத்தும் சிறு மைக் ஒன்று முதலில் போதும். பழைய ஆள்கள் மைக்கைப் பஞ்சுறையில் சுற்றி அங்கேயே செருகிவிடுவார்கள். இன்றைக்கும் அது கெட்டுப்போன உத்தியன்று. ஆம்ப் சிறியதாக இருக்கட்டும். தரையில் வைத்தால் தரையும் சேர்ந்து முழங்கும், நாற்காலிமேல் வையுங்கள். உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும். உங்களைப் பார்ப்பவர்களுக்கு உங்களிடமிருந்தே ஒலி வர வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வடிகட்டிவிடுங்கள். அங்கே மேடைப் பலகையின் அதிர்வைத் தவிர உங்களுடையது எதுவும் இல்லை. ஊளை எழுந்தால் ஒலியைக் குறைப்பதற்கு முன் துருவம் மாற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். திருமண மண்டபம், திறந்தவெளி என்று வேறு வழியே இல்லாத இடங்களுக்குப் பிக்கப்பும் இருக்கட்டும். அதற்கு 10 மெகாஓம் முன்பெருக்கி கட்டாயம். மைக்கோடு கலந்து, மைக் பெரும்பங்கும் பிக்கப் சிறுபங்குமாக. ஒலிப்பொறியாளர் உங்களைக் கேளாமலே ஒரு கம்பியை நீட்டினால் ‘முதலில் கருவியின் பக்கத்தில் வந்து நின்று கேளுங்கள்’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கர்நாடக இசைக் கச்சேரிகளில் வீணைக்கு ஒட்டுமைக் வைப்பது பற்றிய சண்டை தெரிந்த வாசகர்கள் இதில் பழைய முகங்கள் சிலவற்றைக் கண்டுகொண்டிருப்பார்கள். அது தனி வழக்கு; வேறொரு நாள் பேசுவோம்.

ஒத்திகை நடந்ததாம். முதல் பத்து நிமிடம் பியானோக்காரர் தமக்குப் பேஸ் கேட்கவே இல்லை என்று கோபித்துக்கொண்டாராம். பிறகு தாமாகவே எழுந்து பியானோவின் மூடியைத் தாழ்த்தினாராம். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்காரர், நண்பர் சில இடங்களில் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியே சுண்டுகிறார் என்பதை இரண்டாண்டில் முதன்முறையாகக் கவனித்துச் சொன்னாராம். நண்பருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அடுத்த ஒத்திகை வரும் சனிக்கிழமை. ஆம்ப் இன்னும் வாங்கவில்லை.